ஆரியங்காவு ஏறாமல் கொச்சிக்கு உப்பு அனுப்ப

செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவு கணவாய் ஏறும் உப்பு லோடுகளில் ஒரு பங்கைத் தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கொச்சியின் கன்டெய்னர் முனையமான வல்லார்பாடத்துக்குத் திருப்பலாம். எல்லா லோடும் இதற்குப் பொருந்தாது. வாங்குபவர் புனலூரிலோ கொல்லத்திலோ இருந்தால் லாரிதான் சரி. கொச்சி, ஆலுவா, திருச்சூர் பக்கம் மாதாமாதம் ஒரே அளவு போகிறதென்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கப்பல் வாடகையை மட்டும் பார்த்து இறங்கக் கூடாது. உப்பளத்திலிருந்து துறைமுகம் வரை ட்ரெய்லர் வாடகை, இரண்டு துறைமுகத்திலும் கையாளும் கட்டணம், வல்லார்பாடத்திலிருந்து கிடங்கு வரை வாடகை, இறக்குகூலி, காலிக் கன்டெய்னர் பெட்டியைத் திருப்பி ஒப்படைக்கும் செலவு எல்லாவற்றையும் கூட்டி, டன்னுக்கு எவ்வளவு என்று வகுத்த பிறகே லாரியோடு ஒப்பிடுங்கள். கேரளத்தில் இறக்குகூலியை முன்கூட்டியே பேசி முடியுங்கள். கூலிப் பேச்சில் பெட்டி நின்றால், வாடகையில்லாமல் அதை வைத்திருக்கத் தரும் இலவச நாட்கள் கழிந்து, தாமதக் கட்டணம் நாள்கணக்கில் ஏறும்.

20 அடிப் பெட்டி வந்ததும் ஒருவர் உள்ளே நிற்க, வெளியிலிருப்பவர் கதவைச் சாத்தட்டும். கூரையில் ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தாலும் பெட்டியை மாற்றச் சொல்லுங்கள். தரைப் பலகையைக் கையால் தடவி ஈரம் பாருங்கள். பிறகு தரையிலும் சுவரிலும் கெட்டியான பழுப்புக் காகிதம் விரியுங்கள். உப்பு இரும்பை அரித்தால் சுத்தம் செய்யும் செலவு உங்கள் தலையில் விழும். பகலில் சூடேறி இரவில் குளிரும்போது கூரையின் உட்புறம் வியர்த்துச் சொட்டும். அதனால் மூட்டைகளின் மேலும் காகிதம் போட்டு, ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடுங்கள்.

50 கிலோ மூட்டை 500 என்றால் 25 டன். காலிப் பெட்டியின் எடை இரண்டு டன்னுக்கு மேல். இரண்டும் சேர்ந்த சுமையை ட்ரெய்லர் தாங்க அனுமதி உண்டா என்று ஆர்சி புத்தகத்தில் பாருங்கள். இல்லையென்றால் மூட்டையைக் குறையுங்கள். உப்பு கனமானது, எடை நிறைந்தாலும் கூரைக்குக் கீழே இடம் மிஞ்சும். முன்பக்கம் உச்சிவரை அடுக்கிக் கதவுப் பக்கத்தைக் காலியாக விட்டால் கிரேன் தூக்கும்போது பெட்டி சாயும். தரை முழுக்கச் சமமாகப் பரப்பி, கதவோரம் வலை கட்டுங்கள்.

உப்புக்கு ஜிஎஸ்டியும் இல்லை, சரக்கோடு போகவேண்டிய இணையவழிச் சீட்டான இ-வே பில்லும் வேண்டாம். இதே வழியில் சிமென்ட் அனுப்பினால் இ-வே பில் வேண்டும். அதில் போக்குவரத்து வகையை 'சாலை' என்று போட்டால் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான் செல்லும். பெட்டி யார்டில் இருக்கும்போதே காலாவதியாகிவிடும். கப்பல் வகையைத் தேர்ந்தெடுத்தால் 20 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கிடைக்கும். கோவில்பட்டித் தீப்பெட்டி என்றால், கப்பல் சட்டப்படி அது 4.1 வகை, அதாவது எளிதில் தீப்பிடிக்கும் அபாயச் சரக்கு. மறைக்காமல் முதலிலேயே அறிவியுங்கள்.

ஜூன் முதல் தென்மேற்குப் பருவக்காற்றில் கப்பல் தேதி தள்ளிப்போகும். மே மாதத்திலேயே இரண்டு வாரச் சரக்கைக் கொச்சிக் கிடங்கில் இருப்பு வையுங்கள்.

இறக்குமிடத்தில் பெட்டிக் கதவின் சீல் எண்ணை ரசீதோடு ஒப்பிட்டுப் படமெடுத்த பிறகே வெட்டுங்கள். எண் மாறியிருந்தால் கதவைத் தொடாமல் ஏஜென்டுக்கும் காப்பீட்டாருக்கும் சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.