நீச்சல் குள ஃபில்டருக்குள் எதைப் போடுவது?

சென்னை இஞ்சம்பாக்கத்தில் ஒரு வீட்டு நீச்சல் குளம். ஒரு மாதமாகத் தண்ணீர் பால் கலந்தது போல மங்கலாகவே இருக்கிறது, எவ்வளவு குளோரின் போட்டும் தெளியவில்லை என்று கூப்பிட்டார்கள். போனதும் அந்த வீட்டு அம்மா கேட்ட முதல் கேள்வி: "தம்பி, மணலை எடுத்துட்டு கண்ணாடி போட்டா சரியாயிடுமா?"

பதில் சொல்வதற்கு முன்னால் பம்பை நிறுத்தி, குளத்துத் தண்ணீரை வடிகட்டும் ஃபில்டர் டேங்கின் மூடியைத் திறந்து, உள்ளே கையை விட்டேன். மேலே நாலு விரற்கடைக்கு மணல் களி மாதிரி கையில் ஒட்டியது. அதற்குக் கீழே எலுமிச்சம்பழ அளவில் உருண்டை உருண்டையாகக் கட்டிகள். ஒன்றை எடுத்து உடைத்தேன். உள்ளே கறுப்பு. மூக்குக்கு அருகே கொண்டுபோனால் சிக்குப் பிடித்த தேங்காய் எண்ணெய் வாடை. சனி, ஞாயிறுகளில் அந்தக் குளத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் இறங்குகிறார்கள். எல்லார் தலையிலும் எண்ணெய். குளிக்காமல் அப்படியே குதிக்கிறார்கள். அங்கே கண்ணாடியைக் கொட்டியிருந்தாலும் ஆறே மாதத்தில் இதே கட்டிதான் கட்டியிருக்கும்.

கொட்டிவாக்கத்திலிருந்து கோவளம் வரை இருபது வருடமாகக் குளம் பராமரிக்கிறேன். எந்த மீடியா, அதாவது டேங்குக்குள் போடும் வடிகட்டும் பொருள், நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது மூன்று கேள்விகள். பம்ப்பும் டேங்கும் என்ன அளவு? தண்ணீர் எங்கிருந்து வருகிறது? குளத்தில் இறங்குவது யார்? இந்த மூன்றும் தெரிந்தால் உள்ளே போட வேண்டியது எது என்பது பாதி முடிவாகிவிடும்.

முதலில் பம்ப்பும் டேங்கும், ஏனென்றால் அதிகம் தப்பு நடப்பது இங்கேதான். மணலோ கண்ணாடியோ, தண்ணீர் அதன் வழியே மெதுவாக இறங்கினால்தான் அழுக்கு பிடிபடும். வீட்டுக் குளத்தில் மணிக்கு 50 மீட்டர் வேகம்தான் மேல் எல்லை. 20, 30 மீட்டரில் ஓடினால் இன்னும் தெளிவாக இருக்கும். கணக்கு எளிது. பம்ப் ஒரு மணி நேரத்தில் தள்ளும் தண்ணீரைக் கன மீட்டரில் எழுதி, டேங்கின் உள் பரப்பால் வகுத்தால் போதும். 24 அங்குல டேங்குக்குப் பரப்பு ஏறக்குறைய 0.28 சதுர மீட்டர், 20 அங்குல டேங்குக்கு 0.2.

25 அடிக்கு 12 அடி, சராசரி 4 அடி ஆழம் உள்ள ஒரு குளத்தை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு சுமார் 34,000 லிட்டர். ஆறு மணி நேரத்தில் முழுத் தண்ணீரும் ஒரு தடவை ஃபில்டரைத் தாண்டி வர வேண்டும் என்றால் மணிக்கு 5,700 லிட்டர் ஓடினால் போதும். 24 அங்குல டேங்கில் இது மணிக்கு 20 மீட்டர். அருமையான வேகம். ஆனால் "பெரிய பம்ப்பா போடுங்க, சீக்கிரம் சுத்தமாகும்" என்று யாரோ சொல்லி, மணிக்கு 20,000 லிட்டர் தள்ளும் பம்பை 20 அங்குல டேங்கில் மாட்டி வைத்திருப்பார்கள். வேகம் 100 மீட்டர். அந்த வேகத்தில் அழுக்கு மணலைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் குளத்துக்கே வந்துவிடும். இப்படிப்பட்ட இடத்தில் மீடியாவை மாற்றச் சொல்லி நான் காசு வாங்க மாட்டேன். முதலில் பம்ப், இல்லை டேங்க். அதை மாற்றுங்கள்.

அடுத்தது தண்ணீர். இந்தப் பக்கம் போர் தண்ணீரில் உப்பும் கடினத்தன்மையும் வீட்டுக்கு வீடு மாறும். சில போர்களில் இரும்பு உண்டு. நிரப்பும்போது பளிங்கு மாதிரி இருக்கும், குளோரின் பட்டதும் டீத்தண்ணி நிறத்துக்கு மாறிவிடும். கடினத் தண்ணீரில் சுண்ணாம்பு படிந்து மணல் சிமெண்ட் போல இறுகும். பிறகு தண்ணீர் மணல் முழுக்கப் பரவி இறங்காமல் நடுவில் ஒரு ஓட்டை போட்டுக்கொண்டு அதன் வழியே ஓடும். இப்படிப்பட்ட தண்ணீர் என்றால் விலை உயர்ந்த மீடியா வேண்டாம். நல்ல சிலிகா மணலைப் போட்டு, கெட்டால் மாற்றிக்கொண்டு போகலாம்.

சரி, மணலுக்கு வருவோம். இதைப் பற்றித்தான் நான் அதிகம் பேசுவேன், ஏனென்றால் பத்து வீட்டில் ஏழு வீட்டுக்கு இதுவே போதும்.

ஃபில்டருக்கு வேண்டியது குவார்ட்ஸ் மணல். 0.4 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை சலித்து, ஒரே சீரான பருமனில் இருக்க வேண்டும். கட்டட வேலைக்கு வந்த ஆற்று மணல் ஆகாது, அதில் களிமண் உண்டு. எம் சாண்ட் ஆகாது, அதில் கல் மாவு உண்டு. கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். தொழிலுக்கு வந்த முதல் வருடம், கோவளம் பக்கம் ஒரு பண்ணை வீட்டில், "வாசல்லயே கடல், மணலுக்கா பஞ்சம்?" என்று சொன்னதைக் கேட்டு நான் அதை அள்ளிப் போட்டேன். மறுநாள் காலையில் குளத்தின் அடியில், தண்ணீர் திரும்பி வரும் வாய்க்கு நேர் கீழே, அழகாக ஒரு மணல் மேடு. டேங்கின் அடியில் வடிகட்டிய தண்ணீரை வாங்கும் கீற்றுப் போட்ட சின்னக் குழாய்களுக்கு லேட்டரல் என்று பெயர். பொடி மணல் அந்தக் கீற்றுகள் வழியே நழுவி வெளியே வந்துவிட்டது. மிஞ்சியதில் பாதி கிளிஞ்சல் தூள். மூன்று நாள் கூலி இல்லாமல் அதை அள்ளிச் சுத்தம் செய்தேன். அந்த வீட்டுக்கு நான் பட்ட கடன் அது.

அன்றிலிருந்து எந்த மூட்டை வந்தாலும் ஒரு சோதனை செய்துவிட்டுத்தான் கொட்டுவேன். ஒரு கண்ணாடி டம்ளரில் இரண்டு ஸ்பூன் மணல், அது மூழ்கும் அளவுக்கு வீட்டு வினிகர். குளத்துக்குப் போடும் மியூரியாட்டிக் ஆசிட் இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும், ஆனால் கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, திறந்த வெளியில், குளோரின் டப்பா பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். ஆசிட்டும் குளோரினும் கலந்தால் விஷ வாயு. டம்ளரில் சோடா போல நுரைத்தால் கிளிஞ்சலோ சுண்ணாம்போ கலந்திருக்கிறது என்று அர்த்தம். மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். குடிநீர் வடிகட்டும் மணலுக்கே ஆசிட்டில் கரையும் பங்கு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசின் குடிநீர்க் கையேடு சொல்கிறது. அப்புறம் இன்னொரு பிடி மணலைத் தண்ணீர் பாட்டிலில் போட்டுக் குலுக்கிப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் தண்ணீர் தெளிந்தால் நல்ல மணல். கலங்கலாகவே நின்றால் கழுவாத மணல்.

நல்ல மணல் 20 முதல் 40 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையுள்ள தூசியைப் பிடிக்கும். ஐந்து முதல் ஏழு வருடம் வரை நிற்கும், எண்ணெயும் சுண்ணாம்பும் இல்லாத குளங்களில் அதற்கு மேலும் போனதைப் பார்த்திருக்கிறேன். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். பேக்வாஷ் செய்து, அதாவது தண்ணீரைக் கீழிருந்து மேலாகத் திருப்பி ஓட்டி, அப்போதுதான் கழுவிய மணலைவிடக் கொஞ்சம் அழுக்குப் பிடித்த மணல் நன்றாக வடிகட்டும், ஏனென்றால் சிக்கிய தூசியே இடைவெளியை இன்னும் சன்னமாக்குகிறது. தினமும் பேக்வாஷ் செய்யும் அபார்ட்மெண்ட்களில் தண்ணீர் எப்போதும் லேசாக மங்கலாக இருப்பதற்கு இது ஒரு காரணம். வாட்ச்மேன் அண்ணனிடம் சொல்லி நிறுத்தினாலே பாதி தெளிந்துவிடும்.

கண்ணாடி மீடியா என்பது பழைய பாட்டில்களை உடைத்து, கூர் முனை போக உருட்டி, கழுவிச் சலித்தது. மணலைவிடச் சன்னமான தூசியைப் பிடிக்கும். வழுவழுப்பான பரப்பு என்பதால் பாசி, கிருமிப் படலம் எளிதில் ஒட்டாது, பேக்வாஷில் சீக்கிரம் சுத்தமாகும். எடையும் குறைவு. டேங்கில் 100 கிலோ மணல் பிடிக்கும் இடத்தில் ஏறக்குறைய 85 கிலோ போதும். பத்து வருடத்துக்கு மேல் வரும். விலைதான் மணலைப் போலப் பல மடங்கு. அதனால் வாங்கும்போது கையில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். விரலைக் கீறினால், மின்னும் ஊசித் துகள்கள் தெரிந்தால், அது வெறும் உடைத்த கண்ணாடி. அதை நான் எந்தக் குளத்திலும் போட மாட்டேன், பிள்ளைகள் இறங்கும் இடம்.

கண்ணாடிக்கு நான் ஆதரவாகப் பேசுவது தண்ணீரை நினைத்துத்தான். 24 அங்குல டேங்கைச் சரியாக பேக்வாஷ் செய்ய நிமிடத்துக்கு 230 லிட்டர் போல ஓட வேண்டும். மூன்று நிமிடம் பேக்வாஷ், அரை நிமிடம் ரின்ஸ் (மறுபடி மேலிருந்து கீழாக ஓட்டி மிச்ச அழுக்கை வெளியேற்றுவது) என்றால் ஒரு தடவைக்கு 800 லிட்டர். வாரம் ஒரு முறை என்றால் வருடத்துக்கு 41,000 லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் லாரி மூன்றரை. 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜனங்கள் குடத்தோடு லாரிக்காக வரிசையில் நின்றபோது, நான் ஒரு வீட்டில் பேக்வாஷ் வால்வைத் திருப்பினேன். வால்வில் உள்ள கண்ணாடிக் குமிழ் வழியே அந்தத் தண்ணீர் சாக்கடைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. அன்றைக்கு முடிவு செய்தேன், பேக்வாஷ் தண்ணீரைக் குறைக்க என்ன வழி இருந்தாலும் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட வேண்டும் என்று. லாரித் தண்ணீர் வாங்கும் வீடு, பம்ப்பும் டேங்கும் பொருத்தமாக இருக்கிறது, போர் தண்ணீர்ப் பிரச்சினை இல்லை என்றால், கண்ணாடிக்குப் போடும் காசு வீணாகாது.

சியோலைட் ஒரு எரிமலைக் கனிமம். உடம்பெல்லாம் நுண்துளை. சன்னமாக வடிகட்டும், வியர்வையிலும் சிறுநீரிலும் வரும் அமோனியாவையும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும், அதனால் குளோரின் நெடியும் கண் எரிச்சலும் குறையும். பிள்ளைகள் நிறைய வரும் குளத்துக்குக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகளின் தலை எண்ணெய் அந்தத் துளைகளை அடைத்துவிடும். உப்பு நீரில் ஓடும் குளங்களில் அமோனியாவைப் பிடிக்கும் சக்தியும் போய்விடும், ஏனென்றால் உப்புதான் பிடித்ததை வெளியே தள்ளுகிறது. மணலில் பாதிக்குச் சற்று மேலான எடைதான், பேக்வாஷில் வெளியே அடித்துக்கொண்டு போகாமல் பார்க்க வேண்டும். இறங்கும் முன் எல்லாரும் சோப்புப் போட்டுக் குளிக்கும் பழக்கம் உள்ள இடத்துக்கு மட்டும் சொல்வேன்.

கார்ட்ரிட்ஜ், அதாவது மடிப்பு மடிப்பான துணி ஃபில்டர், சின்னக் குளத்துக்கும் மொட்டை மாடிக் குளத்துக்கும் ஏற்றது. பேக்வாஷே இல்லை, கழற்றி ஹோஸால் கழுவினால் போதும். அது உள்ள குளத்தில் படிகாரம் போட்டுத் தெளிய வைக்காதீர்கள், மடிப்பு அடைத்துவிடும். டி.இ. பவுடர், அதாவது நுண்பாசி ஓடுகள் படிந்து உண்டான மண் தூள், மிகச் சன்னமாக வடிகட்டும், ஆனால் ஒவ்வொரு பேக்வாஷுக்கும் புதிதாகப் போட வேண்டும், அந்தத் தூளை மூச்சில் இழுக்கவும் கூடாது. வீட்டுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. பஞ்சு உருண்டைகள் காற்றடித்த பிளாஸ்டிக் குளத்துக்கு மட்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வீட்டுப் போர் தண்ணீருக்கு மணல் ஃபில்டரும் கார்பன் ஃபில்டரும் மாட்டித் தருபவர்கள், அதே நினைப்பில் குளத்துக்கும் கார்பனைப் போடச் சொல்கிறார்கள். கார்பன் குளோரினைத் தின்றுவிடும். குளோரின் இல்லாத குளம் இரண்டு மூன்று நாளில் பச்சை.

மீடியா முடிவானதும், மாற்றும் விதத்தில் கவனம் தேவை. பழையதை அள்ளிய பிறகு கீழே உள்ள லேட்டரல் குழாய்கள் ஒவ்வொன்றையும் விரலால் தடவி விரிசல் பாருங்கள். நடுக்குழாயின் வாயை டேப் போட்டு மூடுங்கள், அதற்குள் ஒரு பிடி மணல் போனாலும் குளத்துக்கு வந்துவிடும். டேங்கில் பாதித் தண்ணீர் நிரப்பிய பிறகே கூழாங்கல்லையும் அதன் மேல் மணலையும் மெதுவாகக் கொட்டுங்கள். தண்ணீர் இல்லாமல் மூட்டையைக் கவிழ்த்தால் குழாய் உடையும். மூட்டை கொட்டும்போது மூக்கில் மாஸ்க். கூட வேலை செய்யும் தம்பிக்கும் மாஸ்க், "பரவாயில்லண்ணே" என்பான், விடாதீர்கள். சிலிகா தூசி நுரையீரலில் தங்கினால் போகாது. டேங்கில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம், பேக்வாஷில் மணல் எழும்ப இடம் வேண்டும். எத்தனை கிலோ என்பது டேங்கில் ஒட்டியிருக்கும் அட்டையிலேயே இருக்கும்.

பிறகு வால்வை முதலில் பேக்வாஷில் வைத்து, குமிழில் தண்ணீர் தெளியும்வரை ஓடவிட்டு, பம்பை நிறுத்திவிட்டு ரின்ஸுக்கும், மறுபடி நிறுத்திவிட்டு ஃபில்டருக்கும் திருப்புங்கள். பம்ப் ஓடும்போது கைப்பிடியைத் திருப்பினால் உள்ளே இருக்கும் கேஸ்கட் கிழியும்.

இஞ்சம்பாக்கம் வீட்டில் கடைசியில் மணல்தான் போட்டோம், 150 கிலோ. மிச்சமான காசில் குளத்தோரம் ஒரு ஷவர் வைத்தார்கள், பக்கத்தில் ஒரு சீயக்காய் டப்பா. ஃபில்டரை ஓட்டியதும் பிரஷர் கேஜில் முள் 10-ல் நின்றது. கேஜ் கண்ணாடி மேல் அந்த இடத்தில் நீல மார்க்கரால் ஒரு கோடு, 18-ல் சிவப்பில் இன்னொரு கோடு போட்டேன். "அம்மா, முள்ளு சிவப்பைத் தொடும்போது பேக்வாஷ் பண்ணுங்க, அதுவரைக்கும் வால்வைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பன்னிரண்டாம் நாள் போன் வந்தது. முள் 14-ல் நிற்கிறதாம், குளத்தின் அடியில் கிடக்கும் ஒற்றை ரூபாய் நாணயத்தில் தலையா பூவா என்று மேலிருந்தே தெரிகிறதாம்.