தெருவுல தண்ணி நின்னா போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி

மழை பேஞ்சா நம்ம வேலூர்ல கொணவட்டம், கன்சால்பேட்டை பக்கமெல்லாம் தண்ணி நிக்குற போட்டோ குரூப் குரூப்பா வரும், ஆனா எந்த தெரு, எத்தனை மணிக்குன்னு ஒண்ணுமே இருக்காது, அதை வச்சி எங்கெங்க தண்ணி நிக்குதுன்னு மேப் எப்படி போடறது சொல்லுங்க. போன் கேமரா செட்டிங்ல லொகேஷன் ஆன் பண்ணிட்டு எடுங்க, ஃப்ரேம்ல பைக் சைலன்சரோ வீட்டு படிக்கட்டோ ஏதாவது ஒண்ணு தெரியணும், அப்பதான் தண்ணி எவ்ளோ ஆழம்னு புரியும். வெறும் தண்ணிய எடுத்தா ஏரி மாதிரிதான் இருக்கும்.

முக்கியமான விஷயம், வாட்ஸ்அப்ல சும்மா போட்டோவா அனுப்பினா அதுக்குள்ள இருக்கிற லொகேஷன் போயிடும், டாக்குமெண்டா அனுப்புங்க. கூடவே தெரு பேரு, நேரம், கணுக்காலா முட்டியான்னு ஒரு வரி. தண்ணி வடிஞ்ச பிறகு சுவத்துல நிக்குற சேறு கோட்டையும் எடுத்து வைங்க, மேப் போடறவங்களுக்கு அது ரொம்ப யூஸ்.

2015 சென்னை வெள்ளத்துல ஜனங்களே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் (யார் வேணா சேர்த்து திருத்தக்கூடிய இலவச மேப்) வச்சி போட்ட மேப்ல தண்ணி நிக்கிற ரோட்டை கிளிக் பண்ணி காட்டினாங்க, 2021 நவம்பர்ல பாலாறு பொங்கினதை பார்த்த நமக்கு முடியாதா என்ன. ஆபத்துன்னா மேப்பெல்லாம் அப்புறம், மொதல்ல மாவட்ட பேரிடர் உதவி எண் 1077க்கு போன் போடுங்க. செல்ஃபிக்கு தண்ணில இறங்காதீங்கப்பா, சாக்கடை மூடி திறந்து கிடக்கும்.