தம்பலப்பூச்சியை மொபைலில் படம் எடுப்பது எப்படி? (சிவப்பு அப்பிப் போகாமல்)

மழை விட்டதும் செம்மண்ணில் ஊர்ந்து போகுமே, வெல்வெட் துணியில் வெட்டி எடுத்த மாதிரி ஒரு பூச்சி, அதை மொபைலில் எடுத்துவிட்டுத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் வெறும் குங்குமப் பொட்டுதான் இருக்கும், ரோமமும் தெரியாது காலும் தெரியாது.

தேவையானவை: மொபைல், கிளிப் மாட்டும் மேக்ரோ லென்ஸ் (சின்னப் பொருளைக் கிட்டத்தில் வைத்துப் பெரிதாக எடுக்க உதவுவது), மணல் நிரப்பிய சின்னத் துணிப்பை. விலை குறைந்த போன்களில் தனியாக வரும் 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமராவை நம்பாதீர்கள், பெயருக்குத்தான் அது. மெயின் கேமரா மேல் கிளிப் லென்ஸை மாட்டுவதே மேல்.

1. இடம்: ஐப்பசி மழை கொட்டித் தீர்த்த மறுநாள் காலை, இளவெயில் நேரம். வளவுக்குள்ளோ (வீட்டு உள்முற்றம்) சிமெண்ட் முற்றத்திலோ தேடிப் பயனில்லை. செட்டிநாட்டில் கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் என்றால் கண்மாய்க் கரை, ஊருணி ஓரப் புல், வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் செம்மண் பொட்டல். ஈசல் கிளம்பிய இடமாக இருந்தால் இன்னும் நல்லது, கறையான்தான் இதற்குத் தீனி. வெயில் ஏறினால் மண்ணுக்குள் போய்விடும்.

2. போனை மணல் பையில் சாய்த்து, பூச்சியின் மட்டத்துக்கு இறக்குங்கள். திரையைத் தட்டித் தட்டி ஃபோகஸ் தேடாமல் போனையே மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள்.

3. வெளிச்சம்: எல்லோரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஈர மண் கருப்பாக இருப்பதால் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிவிடும், மண் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதற்குள் சிவப்பு மட்டும் உச்சத்தைத் தொட்டு ரோமமெல்லாம் ஒரே வண்ணமாக அப்பிப் போயிருக்கும். எனவே பூச்சி மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். புரோ மோட் (எல்லாவற்றையும் நாமே அமைக்கும் முறை) இருந்தால் எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு) மைனஸ் 1, ஒயிட் பேலன்ஸ் (வண்ணச் சமநிலை) டேலைட். படம் இருட்டாகத் தெரிந்தால் பரவாயில்லை, நிழலைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம், அப்பிப் போன சிவப்பை எந்த ஆப்பும் மீட்டுத் தராது. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். வண்ணத்தைக் கூட்டும் விவிட் மோடையும் அணைத்துவிடுங்கள்.

4. தொட்டால் காலை மடக்கிக்கொண்டு செத்த மாதிரி கிடக்கும். தொடாமல் காத்திருங்கள், தானே நடக்கும், அப்போது பர்ஸ்ட்டில் (அடுத்தடுத்துப் பல படம் எடுக்கும் வசதி) தட்டுங்கள். எட்டுக் கால், சிலந்தி வகையறா என்பதால், காலை எண்ணிப் பார்த்தே நல்ல படத்தைப் பொறுக்கலாம்.

பின்சேர்க்கை: "கிட்டே போனதும் திரை துள்ளிப் படம் மாறிவிடுகிறது" என்று சிலர் கேட்டிருந்தார்கள். இரண்டு மூன்று கேமரா உள்ள போன் தானாக வேறு லென்ஸுக்குத் தாவுகிறது, செட்டிங்ஸில் ஆட்டோ மேக்ரோவை அணைத்தால் சரியாகிவிடும். தடித்த கவர் போட்டிருந்தால் கழற்றிவிட்டு கிளிப்பை மாட்டுங்கள், இல்லையென்றால் ஓரமெல்லாம் கருப்பாக விழும். அப்புறம், தீப்பெட்டியில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து எடுக்கலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம், ஈர மண் இல்லாமல் அது தாங்காது.