சைக்ளிக் பெப்டைடு பஃபரில் கலங்கியது: என் அனுபவம்

சைக்ளோஸ்போரின் ஏ ஒரு சைக்ளிக் பெப்டைடு, அதாவது அமினோ அமிலங்கள் வளையமாகக் கோத்த மூலக்கூறு. அதன் பொடியை நேரே பஃபரில் (அமில-கார அளவு எளிதில் மாறாத நீர்க்கரைசல்) போட்டேன், கலங்கிவிட்டது. சூடாக்கியதில் கலங்கல்தான் கூடியது. 11 அமினோ அமிலங்கள் கொண்ட இந்த வளையம் வெந்நீரில் இன்னும் குறைவாகவே கரையும். மதுரைச் சித்திரை வெயிலில் ஏசி இல்லாத மேசை அதற்கு ஆகாது.

சரியானது இப்படித்தான். 1.2 மி.கி. பொடிக்கு 100 மைக்ரோலிட்டர் டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற கரைப்பான்): செறிவு ஏறத்தாழ 10 மில்லிமோலார். அதை டிஎம்எஸ்ஓவிலேயே பத்து மடங்கு நீர்க்கச் செய்து, 1 மைக்ரோலிட்டரை 1 மி.லி. பஃபரில் சுழலவிட்டபடியே சேர்த்தேன். கண்ணாடிக் குப்பிதான் நல்லது, பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். டிஎம்எஸ்ஓ 18.5 டிகிரியிலேயே உறையும். முழுக்க உருகிய பிறகே பிப்பெட் வைக்கவும். டிஎம்எஸ்ஓ தன்னில் கரைந்ததைத் தோல் வழியாக உள்ளே இழுத்துச் செல்லும் என்பதால் கையுறை கட்டாயம்.

ஃப்ரீசரிலிருந்து எடுத்த குப்பியை உடனே திறக்காதீர்கள். ஐப்பசி ஈரத்தில் பொடி நொடியில் பிசுபிசுக்கும். டெசிகேட்டரில் (ஈரம் உறிஞ்சும் மூடிய கலம்) அரை மணி நேரம், பிறகு சென்ட்ரிஃபியூஜில் ஒரு சுற்று, அப்புறம்தான் மூடியைத் திறக்க வேண்டும்.

புதிதாகச் செய்த வளையம் மூடியதா என்று மாஸ் ஸ்பெக்ட்ரம் (மூலக்கூறின் நிறையைக் காட்டும் வரைபடம்) சொல்லும். தலை-வால் இணைப்பில் (சங்கிலியின் இரு முனைகளும் சேர்வது) நேர்ச்சங்கிலியைவிட நிறை 18.01 டால்டன் குறையும், டைசல்ஃபைடில் (இரு கந்தக அணுக்கள் சேர்வது) 2.016. ஏமாற்றுவது இருமடி வளையம் (இரண்டு சங்கிலிகள் சேர்ந்து மூடிய பெரிய வளையம்): இரட்டை மின்சுமையில் அதுவும் அதே இடத்தில் விழும். ஐசோடோப் சிகரங்களின் இடைவெளியைப் பெரிதாக்கிப் பாருங்கள். 1 என்றால் ஒற்றை, 0.5 என்றால் இருமடி. நின்ஹைட்ரினை (மூடாத அமினோ முனையை நிறத்தால் காட்டும் சோதனை) மட்டும் நம்பாதீர்கள், பக்கவாட்டில் அமினோ தொகுதி உள்ள லைசின் இருந்தால் மூடிய வளையமும் நிறம் காட்டும்.