சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்துகொண்டு மணாலியின் பனியைக் கணிப்பது எப்படி

போன சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு அம்மா, அப்பா, மச்சான் குடும்பம் என்று ஏழு பேர் மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து வட இந்தியாவில், இமயமலையில் இருக்கிற மணாலிக்குப் போனோம். ஐந்து நாள் திட்டத்தில் இரண்டு நாள் ஹோட்டல் ஜன்னல் ஓரத்திலேயே கழிந்தது. தப்பு என்னுடையதுதான். கைப்பேசியில் ‘மணாலி, 3 டிகிரி, லேசான மழை’ என்று இருந்தது. மழைதானே, நாம் பார்க்காத மழையா என்று அடல் சுரங்கப்பாதை வழியாக, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சிஸ்ஸுவுக்குக் கிளம்பிவிட்டோம். வழியில் இருக்கிற சோலாங்கை நெருங்கும்போதே மழை பனியாகிவிட்டது, போலீஸ்காரர்கள் வண்டிகளைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள், வந்த வழியே இறங்க நாலு மணி நேரம். பதினைந்து கிலோமீட்டர்கூட இருக்காது.

ஊருக்குத் திரும்பியதும் ரோஷத்தில் இதைப் படிக்க ஆரம்பித்தேன். இந்த வருஷம் அத்தை மகன் போனபோது இங்கிருந்தே நாள் பார்த்துச் சொன்னேன், சரியாக வந்தது. அதனால் தைரியமாக எழுதுகிறேன். செயலியை இறக்குவது, வரைபடத்தில் இடத்தைத் தொடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் ஒரு தாளில் உயரங்களை எழுதுங்கள்

ஊர்ப் பெயர்களை நம்பாதீர்கள், உயரம்தான் கணக்கு. மணாலி 2,050 மீட்டர். சோலாங் ஏறக்குறைய 2,560. சிஸ்ஸு 3,100 சொச்சம். ரோத்தாங் கணவாய் 3,978, ஆனால் குளிர்காலத்தில் அது மூடிக்கிடக்கும், மறந்துவிடுங்கள். 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கம் 2020 அக்டோபரில் திறந்ததிலிருந்து எல்லோரும் அதன் வழியாகத்தான் அந்தப் பக்கம் போகிறார்கள். சுரங்கத்துக்குள் பனி பெய்யாது, சரி. ஆனால் அதன் தென்வாசலே 3,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. வாசல் வரைக்கும் போக வேண்டுமே!

அடுத்தது உயரத்துக்கு ஏற்ற வெப்பநிலை (நான் விழுந்த குழி)

கைப்பேசியோடு வருகிற வானிலைச் செயலி, பள்ளத்தாக்கில் இருக்கிற ஊருக்கான எண்ணைக் காட்டுகிறது. நீங்கள் போகப்போவது அதற்கு ஒரு கிலோமீட்டர் மேலே. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கணக்கு சுலபம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். நம்பிக்கை இல்லாவிட்டால் கேமரன் மலைக்குப் போகும்போது பாருங்கள். நான் பார்த்தேன். மலையடிவாரத்துச் சிம்பாங் பூலாயில் காரின் வெப்பமானி 32 காட்டியது, மேலே பிரிஞ்சாங் போய்ச் சேர்ந்தபோது 22. இடையில் ஏறக்குறைய 1,450 மீட்டர் ஏற்றம், கணக்குப்படி ஒன்பதரை டிகிரி குறைய வேண்டும், பத்து குறைந்தது. போதாதா?

இப்போது மணாலியின் 3 டிகிரியை எடுங்கள். சிஸ்ஸு அதைவிட ஆயிரத்துச் சொச்சம் மீட்டர் உயரம். 3-இல் இருந்து ஏழைக் கழித்தால் மைனஸ் 4. கீழே ‘லேசான மழை’ என்று போட்டது மேலே பனிப்பொழிவு. இந்த ஒரு கழித்தலைப் போட்டிருந்தால் அன்றைக்கு நாங்கள் கிளம்பியே இருக்க மாட்டோம். காற்று ஈரமாக, மேகமும் மழையுமாக இருக்கும்போது குறைவது ஐந்து, ஐந்தரை டிகிரிதான், அப்படிப் பார்த்தாலும் பூஜ்யத்துக்குக் கீழேதான் வருகிறது.

நல்ல செயலி என்றாலும் இந்தக் குழி உண்டு. செயலிகளுக்குப் பின்னால் இருப்பவை வானிலையைக் கணினியில் கணிக்கும் ‘மாதிரிகள்’. ஐரோப்பாவின் மாதிரி ஈசிஎம்டபிள்யூஎஃப் உலகத்தை ஏறக்குறைய 9 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது, அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் 13 கிலோமீட்டர். மணாலி போன்ற இடத்தில் ஒரு கட்டத்துக்குள்ளேயே ஆறும் இருக்கும், அதற்கு ஈராயிரம் மீட்டர் மேலே சிகரமும் இருக்கும். கட்டத்தின் உயரம் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. அதனால் செயலி எந்த உயரத்துக்கு எண் தருகிறது என்று பாருங்கள். மீட்டியோபுளூ என்கிற செயலியில் இடத்தின் பெயரோடு கடல்மட்ட உயரத்தையும் போடுவார்கள், அதற்காகவே எனக்கு அதைப் பிடிக்கும். வின்டி என்கிற செயலி பார்க்க அழகு, காற்றின் ஓட்டம் புரியும், மாதிரிகளை மாற்றி மாற்றிப் பார்க்கலாம். கைப்பேசியோடு வருகிற செயலி வாசலில் துணி காயப்போடலாமா என்று பார்க்க மட்டும்தான்.

இன்னொரு விஷயம், செயலியைத் தமிழில் வைக்காதீர்கள். நம் மொழியில் மார்கழிப் பனியும் பனி, மூடுபனியும் பனி, இமயமலையில் கொட்டுவதும் பனி. அம்மா ‘பனி’ என்று பார்த்துவிட்டு, காலையில் புல்லில் இருப்பதுதானே, ஒரு சால்வை போதும் என்றார்.

உறைநிலை உயரம்

வின்டியில் இதற்கென்று தனி அடுக்கு இருக்கிறது. வெப்பநிலை பூஜ்யமாகிற உயரம் அது. பனிச்சீவல்கள் அதற்குக் கீழேயும் இருநூறு முந்நூறு மீட்டர் உருகாமல் வரும். ஆக உறைநிலை 2,300 என்று காட்டினால் 2,000 வரை பனியை எதிர்பாருங்கள், அதாவது மணாலிக் கடைத்தெரு வரைக்கும். நம் நாட்டில் இந்த உயரம் 5,000 மீட்டர் பக்கம் இருக்கிறது, அதனால்தான் 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு மலையிலும் நிரந்தரப் பனி கிடையாது.

மில்லிமீட்டரா, சென்டிமீட்டரா?

‘15 மிமீ’ என்று பார்த்து மச்சான் சிரித்தார். சுங்கை சிப்புட்டில் அது ஒரு சாயங்கால மழைகூட இல்லை. ஆனால் அது உருகிய தண்ணீரின் அளவு. தோராயமாக 1 மிமீ தண்ணீர் 1 செமீ பனி, அப்படியானால் 15 செமீ, கணுக்காலுக்கு மேலே. குளிர் அதிகமாக இருந்தால் பனி பஞ்சு மாதிரி விழுந்து இன்னும் உயரமாகக் குவியும், பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் சொதசொதவென்று குறைவாக.

காற்று எங்கிருந்து வருகிறது?

நம் ஊர் மழைக்கு இரண்டு மணிக்கு இருட்டி நாலு மணிக்கு வெயிலடிக்கும். அந்தப் பழக்கத்தில் ‘கொஞ்சம் பொறுத்தால் விட்டுவிடும்’ என்று அங்கே காத்திருக்காதீர்கள். மேற்கு இமயமலையின் குளிர்காலப் புயல்களுக்கு மேற்கத்திய இடையூறு என்று பெயர். மத்தியதரைக் கடல் பக்கம் கிளம்பி, ஈரான், ஆப்கானிஸ்தான் தாண்டி வந்து மலையில் மோதும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை மாதத்துக்கு நாலைந்து வரலாம், ஒவ்வொன்றும் ஓரிரு நாள் நிற்கும். வின்டியை நன்றாகச் சுருக்கி ஈரான் வரைக்கும் பாருங்கள், மேற்கே சுழல் தெரிந்தால் சில நாளில் உங்கள் தலைக்கு மேலே. ஈசிஎம்டபிள்யூஎஃப், ஜிஎஃப்எஸ் இரண்டும் ஒரே நாளைச் சொன்னால் நம்புகிறேன். ஐந்து நாளுக்கு மேல் யார் சொன்னாலும் நான் கேட்பதில்லை.

இதில் ஒரு வெட்கம். புயலுக்கு முந்தின நாள் சாயங்காலம் அப்பா ஹோட்டல் பால்கனியில் கையுறையைக் கழற்றி, உள்ளங்கையைக் காற்றில் நீட்டிக்கொண்டு நின்றார். “நேத்து மாதிரி இல்லப்பா, காத்து திரும்பிடுச்சி. குளிரே கொறைஞ்சி போச்சி, பாரு.” நான் கைப்பேசியைக் காட்டி, ஒன்றுமில்லை உள்ளே வாங்க என்றேன். முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில், காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போகும் முன் வானத்தைப் பார்த்து, மரப்பட்டையைத் தொட்டு ஈரம் பார்த்து, இன்றைக்குப் பால் வெட்டு உண்டா இல்லையா என்று சொன்ன ஆள். படித்த பிறகுதான் தெரிந்தது, மேற்கத்திய இடையூறு நெருங்கும்போது தெற்கத்திக் காற்று எழும், மேகம் மூடி இரவுக் குளிர் குறையும். அவர் சொன்னது அதேதான்.

எச்சரிக்கை நிறங்கள்

இந்திய வானிலைத் துறை மாவட்டவாரியாகப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று போடும். மணாலி குலு மாவட்டம், சிஸ்ஸு லாஹௌல் ஸ்பிதி மாவட்டம். இரண்டையும் பாருங்கள். ஆரஞ்சு என்றால் சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள், பனிச்சரிவு வரும் சரிவுகள் அந்த வழியில் இருக்கின்றன.

புயல் முடிந்த மறுநாள்

நீலவானம், வெயில், எல்லோரும் கிளம்புவார்கள். மேகம் விலகிய இரவில்தான் குளிர் இறங்கும், பகலில் உருகிய தண்ணீர் சாலையில் கண்ணாடியாக உறைந்திருக்கும், கறுப்பாக, ஈரத் தார் மாதிரியே தெரியும். எங்கள் டிரைவர் காலை பத்து மணிக்கு முன்னால் சாவியையே தொடவில்லை. எரிச்சலாக இருந்தது, இப்போது அவருக்கு நன்றி.

பின்சேர்க்கை 1: நேரம் குழப்புகிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். மலேசியா இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். மாதிரி வரைபடங்களில் 18 யூடிசி (உலகப் பொது நேரம்) என்று இருந்தால் மணாலியில் இரவு பதினொன்றரை, நமக்கு மறுநாள் அதிகாலை இரண்டு. தேதியே மாறிவிடுகிறது. நான் தாளில் எல்லாவற்றையும் இந்திய நேரத்தில்தான் எழுதுகிறேன்.

பின்சேர்க்கை 2: காஷ்மீரின் குல்மார்க் போகிறவர் கேட்டார். அதே கணக்குதான். ஊர் 2,650, கோண்டோலாவின் (கம்பிவட ஊர்தி) இரண்டாம் கட்டம் முடிகிற இடம் ஏறக்குறைய 3,950. எட்டரை டிகிரி கழியுங்கள். அங்கே காற்று பலமாக இருந்தால் கோண்டோலாவை நிறுத்திவிடுவார்கள், அதனால் காற்று வேகத்தையும் பார்த்துவிட்டு டிக்கெட் வாங்குங்கள்.

பின்சேர்க்கை 3: சட்டை விஷயம். பண்டல் கடையில் (பழைய துணிக்கடை) முப்பது நாற்பது ரிங்கிட்டுக்கு நல்ல குளிர்ச்சட்டை கிடைக்கும், நாங்களும் அங்கேதான் எடுத்தோம். ஆனால் வாங்கும் முன் தோள்பட்டையில் ஒரு சொட்டு தண்ணீர் விட்டுப் பாருங்கள். உருண்டு ஓடினால் வாங்கலாம். ஊறினால் வேண்டாம், சொதசொதப் பனியில் அரை மணி நேரத்தில் நனைந்துவிடும். மச்சானுடையது ஊறியது.