ஐம்பதுக்குப் பிறகு சைக்கிள்: எதை உடுத்துவது?

"இந்த வயசிலை சைக்கிளோ?" எண்டு கேட்பவர்கள் கேட்கட்டும். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் பாதி, சில்லில் சிக்கும் துணியால் வருவது.

சேலை என்றால் கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே நிற்கும்படி உயர்த்திக் கட்டுங்கள். முந்தானையைத் தோளில் பின் குத்தி, மிச்சத்தை முன்னால் எடுத்து இடுப்பில் இறுக்கிச் செருகுங்கள். தொங்கும் தலைப்பு பின்சில்லுக் கம்பிகளில் சுற்றினால் சைக்கிள் நின்றுவிடும், நீங்கள் நிற்கமாட்டீர்கள். சில்லின் இரு பக்கமும் வலை, முழு செயின் கவர் இரண்டும் போட்ட லேடீஸ் சைக்கிளே நல்லது. நடுவில் குறுக்குப் பார் இல்லாததால் காலைத் தூக்கிப் போடவும் தேவையில்லை. மூட்டு நோகும் ஆண்களும் வெட்கப்படாமல் இதையே எடுக்கலாம், சாறத்துக்கும் வசதி.

நீளக் காற்சட்டையில் வலது காலை மட்டும் இரண்டு மடிப்பு மடித்தால் போதும். செயின் அந்தப் பக்கம்தான். செருப்புக்குப் பின்வார் இருக்கட்டும்.

சோளகம் எனும் தென்மேற்குக் காற்று வீசும் நாளில் யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தில் துப்பட்டா பாய்மரமாகிவிடும். குறுக்கே போட்டு இடுப்பில் முடியுங்கள்.

முதல் வாரம் இரண்டு பாதமும் நிலத்தில் படுமளவுக்கு சீற்றைப் பதித்து, அதே உடுப்போடு ஒழுங்கைக்குள் ஓடிப் பாருங்கள். பிறகு சீற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள். பதிந்த சீற் முழங்காலை நோகவைக்கும்.