பெரிய ஆயில் கூலர் மாட்டும்போது எங்கே சொதப்புகிறோம்

பைக் இன்ஜின் சூடாகிறது, பெரிய ஆயில் கூலர் (இன்ஜின் ஆயிலைக் காற்றில் ஆற வைக்கும் ரேடியேட்டர்) மாட்டினால் சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறோம். நானும் அப்படித்தான். காலில் அனல் அடித்தது, வண்டி நின்றால் நியூட்ரல் விழ மறுத்தது, கம்பெனி கூலர் பார்க்கவே சின்னதாக இருந்தது. அவ்வளவுதான் என் ஆராய்ச்சி. ஆயில் எத்தனை டிகிரியில் ஓடுகிறது என்று ஒரு தடவைகூட அளந்து பார்க்கவில்லை. முதல் தவறு அது, மற்றதெல்லாம் அதன் பின்னால் வந்தவை.

காலில் படும் அனல் பெரும்பாலும் எக்ஸாஸ்ட் பைப்பிலிருந்தும் சிலிண்டர் ஹெட்டிலிருந்தும் வருவது, அதை வைத்து ஆயிலின் சூட்டைச் சொல்ல முடியாது. ஆயில் ஊற்றும் மூடிக்குப் பதிலாக மாட்டுகிற தெர்மாமீட்டர் பல வண்டிகளுக்குக் கிடைக்கிறது. அதை மாட்டி ஒரு வாரம் வழக்கம்போல ஓட்டுங்கள். 90 முதல் 110 டிகிரி செல்சியஸுக்குள் நிற்கிறது என்றால் உங்கள் கூலர் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது, அதை விட்டுவிடுங்கள். நெரிசலில் 120ஐத் தொட்டுவிட்டு, வண்டி ஓட ஆரம்பித்ததும் இறங்குகிறதா, நல்ல சிந்தெடிக் ஆயில் அதைத் தாங்கிக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும்போதே 130ஐத் தாண்டி அங்கேயே நிற்கிறது என்றால்தான் விஷயம் இருக்கிறது. அப்போதும் கையை உடனே பர்ஸுக்குக் கொண்டுபோகாமல், ஆயில் அளவு சரியா, ஃபின்கள் என்கிற மெல்லிய தகடுகளின் இடுக்கில் சேறு அடைத்திருக்கிறதா, கலவையில் பெட்ரோல் தேவைக்குக் குறைவாகப் போகிறதா என்று பாருங்கள். என் வண்டியில் கடைசியில் அகப்பட்டது அதுதான். சைலன்சரை மாற்றிவிட்டுக் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் கார்புரேட்டர் ஜெட்டை அப்படியே விட்டிருந்தேன், கலவை லீனாகி ஹெட் வெந்துகொண்டிருந்தது, நான் கூலரின் அகலத்தை அளந்துகொண்டிருந்தேன்.

இன்னொன்று, நெரிசலில் மட்டும்தான் சூடு ஏறுகிறது என்றால் கூலரைப் பெரிதாக்கிப் பெரிய பலன் இல்லை. காற்று ஓடாத இடத்தில் அது வெறும் அலுமினியப் பெட்டி. அங்கே தேவைப்படுவது ஃபேன்.

சரி, அளந்து பார்த்துவிட்டீர்கள், உண்மையிலேயே தேவை என்று தெரிந்துவிட்டது. அடுத்து எல்லோரும் விழும் குழி அளவு. இருப்பதிலேயே பெரியதை வாங்கி மாட்டுவது. ஆயில் எவ்வளவு குளிர்ந்தாலும் நல்லதுதானே என்று தோன்றும், ஆனால் இல்லை. பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீராவியில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி, கீழே ஆயில் இருக்கும் கிராங்க் கேஸுக்குள் இறங்கத்தான் செய்யும், எரியாத பெட்ரோலும் கொஞ்சம் சேரும். ஆயில் நன்றாகச் சூடேறினால்தான் இவை ஆவியாகி வெளியே போகும். 60, 70 டிகிரியிலேயே ஓடிக்கொண்டிருந்தால் தண்ணீர் உள்ளேயே தங்கி, ஆயிலோடு கடைந்து, மூடியைத் திறந்தால் அடியில் வெளிறிய களிம்பு மாதிரி ஒட்டியிருக்கும். நான் பெரிய கூலர் மாட்டிய பிறகு வந்த குளிர்காலத்தில் இதைப் பார்த்துவிட்டு ஹெட் கேஸ்கெட் போய், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஆயிலில் கலந்துவிட்டது என்று பயந்தேன், காற்றிலேயே குளிரும் ஏர் கூல்டு வண்டியில் கூலன்ட் எங்கிருந்து வரும் என்பதுகூட அந்த நேரத்தில் தோன்றவில்லை. அப்புறம் பிசுபிசுப்பு. 10டபிள்யூ-40 என்பதில் அந்த 40 என்ற எண்ணே 100 டிகிரியில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதை வைத்துக் கொடுப்பது. 65 டிகிரியில் அதே ஆயில் இரண்டு மடங்குக்கும் மேல் கெட்டி, பம்ப் அதைத் தள்ள இன்ஜின் சக்தியைத் தின்னும்.

அதனால் பெரிய கூலர் வாங்குகிறவர் கூடவே தெர்மோஸ்டாட்டும் வாங்க வேண்டும். பெரும்பாலும் 80 டிகிரிக்குச் சற்று மேலே திறக்கிற மாதிரி வரும். அதுவரை ஆயில் கூலரைச் சுற்றாமல் நேராகவே இன்ஜினுக்குத் திரும்பிவிடும். குளிர்காலத்தில் கூலரின் பாதியை டேப் ஒட்டி மறைப்பவர்களும் உண்டு, கேலி செய்யாதீர்கள், அது வேலை செய்கிறது.

சில வண்டிகளில் கூலர் உபரி இல்லை, உயிர்நாடி. 1985இல் வந்த சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்750 ஆயிலாலேயே குளிர்விக்கப்பட்ட வண்டி. ஹெட்டின் மேல் ஆயிலைப் பாய்ச்சவே பம்ப்பில் தனி அறை, பிஸ்டனின் அடியில் பீய்ச்ச ஜெட்டுகள். அப்படிப்பட்ட இன்ஜினில் கூலரில் கை வைப்பதும், ஒரு சின்ன ஏர் கூல்டு வண்டியில் கை வைப்பதும் ஒன்றல்ல. லிக்விட் கூல்டு வண்டிகள் பலவற்றில் ஆயில் ஃபில்டருக்குப் பின்னால் கூலன்ட் ஓடும் சின்ன கூலர் ஒன்று உட்கார்ந்திருக்கும். அது காலையில் ஆயிலைச் சீக்கிரம் சூடாக்கவும் உதவுகிறது. அதைக் கழற்றிவிட்டுக் காற்றில் குளிரும் கூலரைப் போட்டால் அந்த உதவி போய்விடும்.

இனி பிளம்பிங், அதாவது ஆயில் போகும் ஹோஸும் இணைப்புகளும். இன்ஜினைக் கொல்லும் தவறுகள் எல்லாம் இங்கேதான், கூலரில் இல்லை.

ஆயிலை முழுவதுமாகக் கூலர் வழியாக அனுப்பும் வண்டிகளில், அது கூலரைத் தாண்டித்தான் இன்ஜினுக்குள் சுழலும் தண்டுகளைத் தாங்கும் பேரிங்குகளுக்குப் போகும். நடுவில் நீங்கள் வைக்கும் ஒவ்வொரு குறுகலும் பேரிங்குக்குப் போக வேண்டிய பிரஷரில் கை வைக்கிறது. ஹோஸ் தடிமனாகத்தான் தெரியும், உள்விட்டம் என்ன என்று பார்க்க மாட்டோம். ஹோஸையாவது சரியாக வாங்கிவிடுவோம், ஹோஸ் முனையை இன்ஜினோடு இணைக்கும், ஆயில் உள்ளே ஓடத் துளையிட்ட பேஞ்சோ போல்ட்டை மறந்துவிடுவோம். அதன் நடுத்துளையும் பக்கத்துளைகளும் பழைய பாதையைவிடச் சின்னதாக இருந்தால், அகலமான ஹோஸ் போட்டு என்ன பயன்? கம்பெனி கொடுத்த துளையின் விட்டத்தை வெர்னியரில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள், வழியில் எதுவும் அதற்குக் குறையக் கூடாது. ஆயில் பிரஷர் கேஜ் மாட்டுவதானால் கூலருக்கு அப்புறம் மாட்டுங்கள், முன்னால் மாட்டினால் பம்ப்பின் பெருமையைத்தான் காட்டும்.

ஹோஸ் ஆயிலுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். ரேடியேட்டர் ஹோஸில் வழக்கமாக இருக்கும் ஈபிடிஎம் ரப்பர் ஆயில் பட்டால் ஊறி உப்பிவிடும். குளிரில் ஸ்டார்ட் செய்யும்போதுதான் பிரஷர் உச்சத்துக்குப் போகும், அந்த நேரத்தில் சாதாரண திருகு கிளிப் போட்ட ஹோஸ் கழன்று வந்தால் பின் டயருக்கு முன்னால் ஆயில் கொட்டும். திருப்பத்தில் நடந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. ஸ்டீல் பின்னல் ஹோஸ் நல்லதுதான், ஆனால் அது அரம் மாதிரி, எதில் உரசுகிறதோ அதை அறுத்துவிடும், ஃபிரேமாக இருந்தாலும் ஒயராக இருந்தாலும். மேலே ஒரு ஸ்லீவ் போடுங்கள்.

டெஃப்லான் டேப். தயவுசெய்து வேண்டாம். ஹோஸை இணைக்கும் ஃபிட்டிங்குகளில் ஏஎன் என்று ஒரு வகை, 37 டிகிரி கோணத்தில் கூம்பு வைத்தது, அதில் கசிவைத் தடுப்பது மரை இல்லை, அந்தக் கூம்புதான். மரையில் சுற்றிய டேப் ஒன்றும் சாதிக்காது, ஒரு துணுக்கு பிய்ந்து உள்ளே போனால் ஆயில் துவாரத்தை அடைக்கும். 60 டிகிரி கூம்பு வைத்த பிஎஸ்பி என்ற வேறு வகை ஃபிட்டிங்கை 37 டிகிரியோடு பொருத்தப் பார்ப்பவர்களும் உண்டு. மரை பிடித்துக்கொள்கிற மாதிரிகூடத் தோன்றும், கசிவு மட்டும் நிற்காது, நிற்கவில்லை என்று இன்னும் இறுக்குவார்கள், அலுமினிய மரை போய்விடும். கூலரின் வாயில் எப்போதும் இரண்டு ஸ்பேனர், ஒன்று பிடிக்க, ஒன்று இறுக்க. பேஞ்சோவுக்கு ஒவ்வொரு தடவையும் புது வாஷர்.

பழைய கூலர் வாங்குகிறீர்களா? எந்த வண்டியில் இருந்தது என்று கேளுங்கள். பேரிங் போன இன்ஜினில் இருந்ததானால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். உள்ளே இருக்கும் உலோகத் துகளை எத்தனை முறை கழுவினாலும் முழுக்க எடுக்க முடியாது. புது ஹோஸையும் அறுத்தபின் உள்ளே ஊதிக் கழுவிவிட்டுத்தான் மாட்ட வேண்டும், ரப்பர் தூளும் கம்பித் துணுக்கும் கட்டாயம் இருக்கும்.

மாட்டும் இடத்தைப் பற்றிச் சுருக்கமாக. வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போது முன் சக்கரத்துக்கும் கூலருக்கும் நடுவில் நிறைய இடம் தெரியும், பிரேக் பிடித்து ஃபோர்க் முழுவதும் அமுங்கும்போது அது இருக்காது. ஃபோர்க்கை அமுக்கி, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். ஹெட்டுக்கு நேர் முன்னால் வைத்தால் ஆயில் குளிரும், ஹெட்டுக்குக் காற்று குறையும். ரப்பர் புஷ் இல்லாமல் ஃபிரேமில் நேராக போல்ட் அடித்தால் அதிர்வில் பிராக்கெட் ஓரம் விரிசல் விடும். ஹோஸ் வாய்கள் மேலே பார்க்கட்டும், கீழே பார்த்தால் உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும்.

எல்லாம் முடிந்ததும் சாவியைத் திருப்பி உடனே ஸ்டார்ட் செய்யத் தோன்றும். கூலரும் ஹோஸும் காலி, அவை நிறையும் வரை பேரிங்குகளுக்குப் போவது குறைவு. மாட்டும்போதே கூலரில் ஆயில் ஊற்றி நிரப்புங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கேப்போடு சேர்த்து இன்ஜினில் எர்த் ஆகிற மாதிரி வைத்துவிட்டு, பிரஷர் லைட் அணையும் வரை ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, தெர்மோஸ்டாட் திறக்கும் அளவுக்குச் சூடாக்கி, நிறுத்தி, சில நிமிடம் பொறுத்து, வண்டியை நேராக நிமிர்த்தி அளவைப் பாருங்கள். குறைந்திருக்கும், ஊற்றுங்கள். குளிர்ந்த நிலையில் பார்த்து நிரப்பினால் தெர்மோஸ்டாட் திறந்ததும் கணக்கு மாறிவிடும்.

முதல் ஓட்டம் பத்து நிமிடம் போதும். திரும்பி வந்ததும் ஒவ்வொரு ஃபிட்டிங்கையும் வெள்ளைக் காகிதத்தால் துடைத்துப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத ஈரம் காகிதத்தில் தெரியும். மறுநாள் காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, இன்னொரு தடவை.